நஞ்சுண்டன் கட்டும் அறை

ஒண்டிகொப்பல், மைசூர்
தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, 1977

சிரஞ்சீவி சாம்புவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவரவர் உடம்பு இடம் கொடுக்கிற அளவுக்குச் சௌக்கியம். பிலாயில் நீயும் சீதாவும் குழந்தையும் சௌக்கியம் என்பது நீ எழுதாமலே தெரிந்துவிட்டது. நேற்று வந்த கடிதத்தில் க்ஷேமம் விசாரிக்கக்கூட மறந்து முதல் வரியிலேயே வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாயே, திடமான உடம்பு உள்ளவன்தான் அப்படிக் கோபப்பட முடியும். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. சாம்பு என்ன எழுதியிருக்கான் என்று கேட்டார், குழந்தைக்குப் பல் முளைக்கிறதாம் என்று சொல்லிவைத்தேன், முளைத்தால் சரி. இது இன்லண்டில் அடங்காது என்று வெள்ளைத்தாளில் எழுதுகிறேன், ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் படிக்காமல் சாவகாசமாக உட்கார்ந்து படி. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உன் வக்கீல் சிநேகிதன் மூலமாகப் பக்கத்து வீட்டு சென்னம்மாவுக்கு நோட்டீஸ் அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறாய். அனுப்பாதே. அவனிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாய் என்றால் இது கண்டவுடன் தந்தி கொடுத்தாவது நிறுத்திவிடு. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

தப்பு உன் மேல் இல்லை. நான் ஆத்திரத்தில் உனக்கு எழுதின கடிதம் அப்படி. பக்கத்து வீட்டுக்காரர்கள் நம் எல்லையை ஒட்டி அறை கட்டப் போகிறார்கள், அப்பா படுத்திருக்கிற அறையின் கிழக்கு ஜன்னல் அடைந்துபோகும், கேட்க நாதியில்லை என்று பிழியப் பிழிய எழுதினேன். ஆனால் கட்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்தது யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேன். நான்தான் கொடுத்தேன்.

கௌரி பண்டிகையன்று நடந்தது. இங்கே கௌரிக்குச் சுமங்கலிகளுக்குப் பாகினம் கொடுப்பது உனக்கு நினைவிருக்கும். ஒரு முறத்தில் அரிசி, பருப்பு, வெல்லம், மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துண்டு எல்லாம் வைத்து, இன்னொரு முறத்தைக் கவிழ்த்து மூடி, கொடுக்கிறவள் தன் தலைப்பைப் போர்த்தி நீட்டுவாள், வாங்குகிறவளும் தன் தலைப்புக்கு உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். சென்னம்மாவின் மருமகள் மாதேவிக்குக் கல்யாணம் ஆகி இது இரண்டாவது கௌரி, அவள்தான் பாகினம் கொண்டுவந்தாள். சென்னம்மா புருஷனை இழந்தவள் ஆயிற்றே, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். நான் முறத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்தச் சமயத்தில் அவள் கேட்கிறாள். பாதி கன்னடம், பாதி நம்மிடம் பழகின தமிழ், அவள் பேச்சுத்தான் உனக்குத் தெரியுமே. “கனகம்மா, உங்க காம்பவுண்டு வரைக்கும் நாங்க ஒந்து ரூமு கட்டிக்கறோம் ரீ. நீங்க மனசார ஹூம் அன்னி” என்றாள், மனசாரச் சரி என்று சொல்ல வேண்டுமாம். முறம் கையில் இருக்கும்போது எவளாவது இல்லை, வேண்டாம் என்று சொல்வாளா? டின்னில் அரிசி தீர்ந்துபோனால்கூட நிறைந்திருக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய் இது. “பேஷாக் கட்டிக்கோங்கோ, க்ஷேமமா இருங்கோ” என்று தானாக வந்துவிட்டது. மாதேவி காலில் விழுந்து நமஸ்காரம் செய்தாள், வயிற்றுப் பிள்ளைக்காரி, குனியாதேடி என்று நான் சொல்வதற்குள் குனிந்துவிட்டாள். சென்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுகூட ஒன்றும் உறைக்கவில்லை. முறத்தை சுவாமி முன்னால் வைத்துவிட்டு அப்பாவுக்குக் காபி எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். ஜன்னல் வழியாக வெயில் வந்து அவர் மடியில் விழுந்திருந்தது. காம்பவுண்டு வரைக்கும் என்றால் எதுவரைக்கும் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த ஜன்னல் அப்பாவுக்கு என்ன என்பது உனக்குத் தெரியாது. வாதம் வந்தபோது நீ ஓடிவந்தாய், அவர் ஆஸ்பத்திரியில் இருந்ததைத்தான் பார்த்தாய், வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கவில்லை. வலது கையும் காலும் காலை வெயிலில் இருக்கட்டும், எண்ணெய் தேய்த்து நீவிவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதால்தான் கட்டிலை அந்தக் கிழக்கு அறையில் போட்டேன். ரயில்வே கார்டாக பிரேக் வேனில் நின்று ஊர் ஊராகப் பார்த்த மனுஷர், இப்போது சென்னம்மா துணி உலர்த்துகிறதையும், அவள் பிள்ளை நஞ்சுண்டன் பட்டு ஆலைக்குக் கிளம்புமுன் சைக்கிளைத் துடைக்கிறதையும், முருங்கை மரத்தில் அணில் ஓடுகிறதையும் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிறார். வந்த புதிதில் அவருக்குப் பேச்சே இல்லை. நான் எத்தனையோ பேசிப் பார்த்தேன், ராம ராம என்று சொல்லுங்கோ என்று கெஞ்சினேன், உதடு கோணிக்கொண்டு கண்ணில் தண்ணீர்தான் வரும். சென்னம்மா தினம் குழாயடியிலிருந்து ஜன்னலைப் பார்த்து “ராயரே, காபி ஆயித்தா?” என்று கேட்பாள், பதில் வருகிறதா இல்லையா என்று பார்க்காமல் தன் பாட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் உள்ளே இருந்து “ஆயித்து” என்று குரல் கேட்டது. நான் சமையலறையில் தாளித்துக்கொண்டிருந்தேன், யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் அப்பா. அத்தனை வருஷம் சமைத்துப் போட்டவளிடம் பேசாமல் அவளிடம் முதல் வார்த்தை பேசினாரே என்று ஒரு பக்கம் எரிச்சல்கூட வந்தது, மறு பக்கம் அழுகை. அந்த ஜன்னலைத்தான் நான் பாகினம் வாங்கின கையோடு கொடுத்துவிட்டேன்.

அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் நஞ்சுண்டன் மேஸ்திரியைக் கூட்டிவந்து கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுவிட்டான். கோடு நம் காம்பவுண்டை ஒட்டியே போகிறது. நம் பக்கத்துச் சந்துதான் உனக்குத் தெரியுமே, ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற அகலம், ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் அவர்கள் சுவர் தட்டும். அப்பா தலையணையில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நான் போனதும் “யார் சொன்னா?” என்றார். நான்தான் என்று சொல்லிப் பாகினம் வாங்கின கதையையும் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. முகத்தை உள்சுவர் பக்கம் திருப்பிக்கொண்டுவிட்டார். அன்று பகல் சாதம் வேண்டாம் என்றார், காபியும் வேண்டாம் என்றார். சென்னம்மா காபி ஆயித்தா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. அந்த ஆத்திரத்தில்தான் உனக்கு எழுதினேன், சென்னம்மா சமயம் பார்த்து என் வாயைக் கட்டிவிட்டாள், சூதுக்காரி என்றெல்லாம் எழுதினேன். அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன், நீயும் மறந்துவிடு.

அதற்கு நீ போட்ட முதல் பதிலில் சட்டம் நம் பக்கம், அவர்களும் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும், நம் சம்மதம் இல்லாமல் முனிசிபாலிடியில் அனுமதி கொடுக்க மாட்டார்கள் என்று விவரமாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் கொடுத்த தைரியத்தில், கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவதென்று கிளம்பினேன். வெறும் கையோடு போய் வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாய் எடுத்துக்கொண்டேன், சண்டைக்குப் போகிறவள் ஊறுகாயோடு போனதை நீ சிரிக்காமல் படிக்க வேண்டும். அவர்கள் வீட்டுக்குள் நான் போய் எத்தனையோ காலம் ஆகிறது, எல்லாப் பேச்சும் காம்பவுண்டு மேலேயே நடந்துவிடும். ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. கூடத்தின் நடுவே கயிறு கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி, இந்தப் பக்கம் சென்னம்மா. புடவைக்குப் பக்கத்தில் மாதேவியின் டிரங்குப் பெட்டி பாதி அடுக்கினபடி திறந்து கிடந்தது. நான் வாயைத் திறக்குமுன் சென்னம்மா ஆரம்பித்துவிட்டாள்.

மாதேவியின் அப்பாவுக்குச் சாமராஜநகரில் தேங்காய் மண்டி இருக்கிறது, இவள் ஒரே பெண். பிரசவத்துக்கு வருகிறவள் அங்கேயே இருந்துவிடட்டும், மாப்பிள்ளையும் ஆலை வேலையை விட்டுவிட்டு வந்து மண்டியைப் பார்க்கட்டும், மாடியில் வீடு காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். “அந்தப் பொண்ணு மேல தப்பில்லை ரீ” என்றாள் சென்னம்மா, மாதேவி காது கேட்கவேதான் சொன்னாள். “மகு பொறந்த மேல கொழந்தைய வெச்சுக்கிட்டு இந்த சீரே பின்னால அவ எப்படி இருப்பா? பாலு குடுக்கணும்னாலும் நான் வெளியே போயி நிக்கணும். ஒந்து ரூமு, ஒந்து கதவு, அஷ்டே, அவ்வளவுதான். அது இருந்தா என் மகன் இங்கேயே இருக்கேன்னு சொல்றான். இல்லான்னா நான் ஒருத்தி இந்த மனேல என்ன பண்ணுவேன்?” என்றாள். பாகினம் கொடுக்கிற வேளையிலா கேட்பது என்று நான் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அவள் திகைத்துப்போனாள். “முத்தைதே வாயால, அந்த முறம் பிடிச்சு நிக்கும்போது நல்ல மாத்து வந்தா ரூமு நிக்கும், மகு நல்லா இருக்கும்னு நெனச்சேன். கேக்கறது நானா இருந்தாலும் ஆசீர்வாதம் அவளுக்குத்தானே. வேற ஒண்ணும் இல்ல கனகம்மா” என்றாள். சுமங்கலி வாயால் நல்ல வார்த்தை வரவேண்டும் என்று அவள் கேட்டதைத்தான் நான் சூது என்று எழுதினேன்.

வேறு பக்கம் கட்டக் கூடாதா என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். முன்னால் தெரு, பின்னால் கிணறு, அந்தப் பக்கம் அடுத்தவர் சுவர். கூடத்தில் உட்கார்ந்திருந்த நஞ்சுண்டன் எழுந்து வந்து கையை விரித்துக் காட்டினான். சுவரை உள்ளே தள்ளினால் கட்டில் போட்டால் தொட்டில் இல்லை, தொட்டில் போட்டால் கட்டில் இல்லை. ஜன்னல் விஷயத்தை நான் சொன்னதும் சென்னம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள், தனக்கு அது தோன்றவே இல்லை என்றாள். நான் ஹூம் என்று சொன்னபோது எல்லாம் யோசித்துச் சொன்னேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். உடனே அவளாகவே ஒரு வழி சொன்னாள், புது அறைச் சுவரில் நம் ஜன்னலுக்கு நேராக ஒரு ஜன்னல் வைத்துவிட்டால் ராயரோடு பேச்சாவது நிற்காது என்றாள். மாதேவி அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், புடவைக்குப் பின்னாலிருந்து “அத்தே!” என்று ஒரு சத்தம் போட்டாள். கதவு வேண்டும் என்று அறை கேட்கிற பெண்ணுக்கு, கட்டிலுக்கு நேரே கார்டு மாமா முகம் தெரிகிற ஜன்னலா? எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சென்னம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கடைசியில் “நீங்க வேண்டாம்னா வேண்டாம். ராயர் மொகத்துல வெயில் போச்சுன்னா எனக்கு ஊட்டா சேராது, சோறு எறங்காது” என்றாள்.  அவள் கொடுத்த ஒரு கட்டு முருங்கைக்கீரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா கேட்டார் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். புடவைத் தட்டி, டிரங்குப் பெட்டி, சாமராஜநகர் மாடி எல்லாம். அவருக்கு இப்போதும் வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வரும், நாம் பொறுமையாக நிற்க வேண்டும்.  பிறகு சொன்னார். “நம்மாத்துல ரூம் இருக்கு. பிள்ளை இல்லை. அவாத்துல பிள்ளை இருக்கான். ரூம் இல்லை. கட்டட்டும்.” இதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு மனசாக இருந்தேன், அதனால்தான் இத்தனை நாள் பதில் போடவில்லை, நீயும் அம்மா பயந்துபோய்க் கிடக்கிறாள் என்று வக்கீல் வரைக்கும் போய்விட்டாய். சாம்பு, உன்னைக் குத்திக் காட்ட அவர் அப்படிச் சொல்லவில்லை. நீ வேலைக்குக் கிளம்பின அன்று மைசூர் ஸ்டேஷனில் உன் வண்டிக்கே அவர்தானே கார்டு, பச்சைக்கொடி காட்டினவர் அவர்தானே. போகிறவன் போகத்தான் வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. எனக்குத்தான் மனசு பொறுக்கவில்லை, சமையலறைக்குப் போய்க் கீரையை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்தேன்.

விஜயதசமியன்று காலையில் பூஜை வைத்தார்கள். மண்வெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து முதல் வெட்டு வெட்டுவதை இங்கே குத்தலி பூஜை என்பார்கள், பெரியவர் யாராவது அந்த வெட்டை வெட்ட வேண்டும். சென்னம்மா வந்து ராயர்தான் வெட்ட வேண்டும் என்று நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் ஜன்னலை அடைக்கிற சுவருக்கு அவரையே மண்ணைத் தோண்டச் சொல்கிறாளே என்று நினைத்தேன், ஆனால் அப்பா வேட்டி மாற்றிவிடு என்றார். நஞ்சுண்டனும் மேஸ்திரியுமாக நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தே பழகின இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து நம் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மண்வெட்டியை நீட்டினார்கள், வலது கை எழவில்லை, இடது கையை நீட்டவும் கூச்சம், சுப காரியமாயிற்றே. அப்போது சென்னம்மா சொன்னாள், “எடகை ஆதரேனு, பலகை ஆதரேனு, ராயர் கை அல்லவா!” இடது கையானால் என்ன, வலது கையானால் என்ன, அவர் கைதானே என்றாள். நஞ்சுண்டன் கீழே பிடித்துக்கொள்ள அப்பா இடது கையால் ஒரு வெட்டு வெட்டினார். மண் கொஞ்சம்தான் பெயர்ந்தது. பிறகு மேஸ்திரியைப் பார்த்து, வண்டிக்குக் கொடி காட்டுகிற மாதிரி அந்தக் கையைத் தூக்கி ஆட்டினார், ஆரம்பிக்கலாம் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது, வேறு எதற்கும் இல்லை, அவர் அன்று நன்றாக இருந்தார்.

இனி உன் நோட்டீஸ் போய் அந்த வீட்டில் விழுந்தால் நான் எந்த முகத்தோடு குழாயடியில் நிற்பேன், நீயே சொல். சுவர் இப்போது ஜன்னல் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. நஞ்சுண்டன் ஆலையிலிருந்து வந்ததும் தானே செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். மாதேவியின் டிரங்குப் பெட்டி மூடி மூலைக்குப் போய்விட்டதாம், பிரசவத்துக்குப் போய்க் குழந்தையோடு திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டாள். முருங்கை மரத்தை வெட்டும்போது மட்டும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சென்னம்மா இப்போதெல்லாம் குழாயடியில் கேட்பதில்லை, சுற்றிக்கொண்டு நம் வாசல் வழியாக வந்து, உள்ளே எட்டிப் பார்த்துக் காபி ஆயித்தா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அவள் வரும்வரை அப்பா காபியைத் தொடுவதில்லை.

மற்ற விஷயங்கள். தீபாவளி மருந்தும் சாம்பார் பொடியும் பார்சலில் போட்டிருக்கிறேன், பொடியை டப்பாவில் கொட்டி இறுக மூடச் சொல். சீதாவுக்கு முதுகுவலி இன்னும் இருக்கிறதா, குழந்தையை எப்போதும் ஒரே இடுப்பில் வைத்துக்கொள்ளக் கூடாது, நீயும் வேலையிலிருந்து வந்ததும் கொஞ்சம் தூக்கிக்கொள், தேய்ந்து போய்விட மாட்டாய். பட்டாசு கொளுத்தும்போது பருத்தித் துணி உடுத்துங்கள். ஃபோர்மேனோடு வாய்ச்சண்டை வேண்டாம், உன் கோபம்தான் எனக்குத் தெரிகிறதே. உங்கள் மூவருக்கும் எங்கள் இருவருடைய பரிபூர்ண ஆசீர்வாதம், அம்பாள் துணை இருக்கட்டும். வக்கீல் விஷயம் மறக்காதே, நிறுத்திவிட்டேன் என்று ஒரு கார்டு போடு.

இன்னொன்று சொல்ல வேண்டும், கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அப்பாவின் கட்டிலை உன் அறைக்கு மாற்றிவிட்டோம். மேற்கு ஜன்னல், சாயங்கால வெயில் வருகிறது. நீ போனதிலிருந்து அந்த அறையை நான் பெருக்கி மெழுகிப் பூட்டி வைத்திருந்தது உனக்குத் தெரியும், தசராவுக்கு வந்த விருந்தாளிகளைக்கூட அங்கே படுக்கவிட்டதில்லை. உன் மேஜையைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், அலமாரி அப்படியே இருக்கிறது. சாம்பு வந்தா எங்கே படுப்பான் என்று முதல் நாளே கேட்டார். கூடத்தில் மெத்தை போடுகிறேன் என்றேன், தலையை ஆட்டினார், பிடிக்கவில்லை. வேறெங்கே படுப்பான், உங்க பக்கத்திலயா, அவன் என்ன கைக்குழந்தையா என்று கேலி செய்தேன்.  ஆனால் அன்றிலிருந்து, நான் கட்டில் நடுவில் படுக்கவைத்துவிட்டு வந்தாலும், நல்ல கையை ஊன்றி மெல்ல மெல்ல நகர்ந்து சுவரோரமாகவே போய்ப் படுத்துக்கொள்கிறார், இந்தப் பக்கம் பாதிக் கட்டில் காலியாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகலக்ஷ்மி